போன் திருடுபோனாலும் வங்கிப் பணம் பத்திரமாக இருக்க என்ன செய்ய வேண்டும்? புதியவர்களுக்கான செய்முறை

போன் கையைவிட்டுப் போனால் நஷ்டம் அதன் விலையோடு முடிந்துவிடுவதில்லை. அதை விற்றுக் கிடைக்கும் பணத்தைவிட, உள்ளே இருக்கும் வங்கி ஆப் வழியாக எடுக்கக்கூடிய பணம் பல மடங்கு அதிகமாக இருக்கலாம். திருடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

"வங்கி ஆப்புக்குத்தான் தனியாக பின் நம்பர் இருக்கிறதே, அதை எப்படி உடைப்பார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். உடைக்க வேண்டிய தேவையே பல நேரங்களில் இல்லை. ஆப்பைத் திறந்து, 'பின் மறந்துவிட்டது' என்பதை அழுத்துவார்கள். வங்கி ஓர் ஓடிபி அனுப்பும். அது எங்கே வரும்? அவர்கள் கையில் இருக்கும் அதே போனுக்கு! மின்னஞ்சலுக்கு அனுப்பினாலும் அந்த மின்னஞ்சலும் அதே போனில் திறந்துதான் கிடக்கும்.

ஆகவே வங்கி ஆப் எவ்வளவு பாதுகாப்பானது என்பது, அதைச் சுற்றியிருக்கும் போன் பூட்டு, சிம், மின்னஞ்சல் ஆகிய மூன்றும் எவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இந்த மூன்று வழிகளையும் அடைப்பதுதான் இங்கே வேலை. போனைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள். படித்துவிட்டு அப்புறம் செய்யலாம் என்று தள்ளிப்போட்டால் செய்ய மாட்டோம்.

முதலில் ஒரு சோதனை: உங்கள் போனை நீங்களே திருடிப் பாருங்கள்

செட்டிங்ஸைத் தொடுவதற்கு முன் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

போனைப் பூட்டி மேசைமேல் வையுங்கள். கூட இருப்பவர் ஒருவரை உங்கள் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். பூட்டிய திரையிலேயே செய்தி முழுவதும் தெரிகிறதா? தெரிந்தால் நாளைக்கு ஓடிபியும் அப்படியேதான் தெரியும். போனைத் திறக்கக்கூட வேண்டாம்.

அடுத்து, சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போடுங்கள். எதையும் கேட்காமல் சிக்னல் வந்துவிட்டதா? அப்படியானால் உங்கள் போன் எவ்வளவு வலுவாகப் பூட்டப்பட்டிருந்தாலும், உங்களுக்கு வரும் ஓடிபியை சிம்மை வைத்திருப்பவர் படித்துவிடுவார். சில வங்கி ஆப்கள் சிம் கழன்றதைக் கண்டுபிடித்து மறுபடி பதிவு செய்யச் சொல்லும். அதனால் அவசரம் இல்லாத நாளில் இதைச் செய்யுங்கள். இ-சிம் (போனுக்குள்ளேயே இருக்கும், கழற்ற முடியாத சிம்) வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனை தேவையில்லை.

மூன்றாவதுதான் மிக முக்கியம். போனைத் திறந்து, வங்கி ஆப்பில் 'பின் மறந்துவிட்டது' அல்லது 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்துங்கள். கடைசித் திரைக்குப் போகாமல், என்னவெல்லாம் கேட்கிறது என்று மட்டும் பாருங்கள். ஓடிபியோடு டெபிட் கார்டின் எண், அதன் பின், முகச் சரிபார்ப்பு என்று வேறு ஏதாவது கேட்டால் ஓரளவு நிம்மதி. வெறும் ஓடிபி மட்டும் போதும் என்றால், உங்கள் பணத்துக்குக் காவல் போன் பூட்டும் சிம்மும்தான். பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மின்னஞ்சலுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

படி 1: போன் பூட்டைச் சரிசெய்வது

போனைத் திறக்கத் தட்டும் ரகசிய எண்ணை இங்கே 'கோடு' என்கிறேன். நான்கு இலக்கக் கோடில் 10,000 சேர்க்கைகள்தான் இருக்கின்றன. ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம். எழுத்தும் எண்ணும் கலந்த பாஸ்வேர்டு இன்னும் நல்லது. பிறந்த தேதி, வண்டி எண், 123456 எல்லாம் வேண்டாம். விரலால் புள்ளிகளை இணைத்துத் திறக்கும் பேட்டர்னை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் ஒருமுறை பார்த்தாலே மனதில் பதிந்துவிடும், திரையில் விரல் தடமும் நிற்கும்.

கோடை யூகித்துத் திறப்பவர்கள் குறைவு. நீங்கள் பொது இடத்தில் தட்டும்போது பின்னால் நின்று பார்த்துவிட்டு, அப்புறம் போனைப் பறிப்பதுதான் பலரின் வழி. அதனால் வெளியே இருக்கும்போது கைரேகையிலோ முகத்திலோ திறங்கள். எண்ணைத் தட்ட வேண்டி வந்தால் திரையை மறைத்துக்கொள்ளுங்கள்.

கோடு தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். பல போன்களில் அந்தக் கோடை வைத்து செட்டிங்ஸுக்குள் போய்த் திருடர் தன் கைரேகையையே சேர்த்துவிட முடியும். நன்றாக எழுதப்பட்ட வங்கி ஆப், புதிய கைரேகை சேர்ந்ததைக் கவனித்து மறுபடி பின் கேட்கும். எல்லா ஆப்பும் அப்படிக் கேட்பதில்லை. சில ஆப்கள் கைரேகைக்குப் பதிலாக போனின் கோடையே ஏற்றுக்கொள்ளும். எனவே போன் கோடும் வங்கி பின்னும் எக்காரணம் கொண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒரு இலக்கம் மட்டும் மாற்றி வைப்பதும் ஒன்றுதான்.

திரை தானாகப் பூட்டிக்கொள்ளும் நேரத்தை 30 விநாடியாகக் குறையுங்கள்.

படி 2: பூட்டிய திரை எதையும் சொல்லாமல் பார்த்துக்கொள்வது

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் → நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில், பூட்டிய திரையில் முக்கியமான தகவலை மறைக்கும் தேர்வு இருக்கும். ஐபோனில் நோட்டிஃபிகேஷன்ஸ் → ஷோ பிரிவியூஸ் → வென் அன்லாக்டு. மாற்றிய பிறகு முதல் சோதனையை மறுபடி செய்து பாருங்கள்.

இதோடு இன்னொன்று. பறித்தவுடன் திருடர் செய்யும் முதல் வேலை ஏரோபிளேன் மோடைப் போடுவது, நீங்கள் தூரத்திலிருந்து பூட்டிவிடக் கூடாது என்பதற்காக. ஐபோனில் ஃபேஸ் ஐடி அண்ட் பாஸ்கோடு பகுதிக்குப் போய், பூட்டிய நிலையில் கன்ட்ரோல் சென்டர் (ஏரோபிளேன் மோடு பொத்தான் இருக்கும் பட்டை) திறப்பதை அணைத்துவிடுங்கள். சில ஆண்ட்ராய்டு போன்களிலும் இதற்கு ஒரு தேர்வு உண்டு.

படி 3: சிம்முக்கு பின் போடுவது

எனக்குத் தெரிந்து மிகப் பெரும்பாலானவர்கள் தொடாத இடம் இதுதான். ஆனால் இரண்டாவது சோதனையில் தெரிந்த ஓட்டையை அடைப்பது இது ஒன்றுதான். சிம் பின் போட்டுவிட்டால், போன் அணைந்து எழும்போதும், சிம் வேறு போனுக்குப் போகும்போதும் அந்த எண்ணைக் கொடுத்தால்தான் நெட்வொர்க் வரும்.

ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் 'சிம் லாக்' என்று இருக்கும். ஐபோனில் செல்லுலார் அல்லது மொபைல் டேட்டா பகுதிக்குள் 'சிம் பின்'.

இங்கே புதியவர்கள் நிதானமாக இருக்க வேண்டும். பின்னை இயக்கும்போது, சிம்மில் ஏற்கெனவே இருக்கும் பழைய பின்னை முதலில் கேட்கும். அது சிம் அட்டையோடு வந்த பிளாஸ்டிக்கில் அச்சாகியிருக்கலாம். இல்லையென்றால் உங்கள் சிம் நிறுவனத்திடம் கேளுங்கள். தோன்றியதைத் தட்டாதீர்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும், அதைத் திறக்க 8 இலக்க பியூகே எண் வேண்டும். பியூகேயும் பத்து முறை தவறினால் அந்த சிம் அவ்வளவுதான், புதிது வாங்க வேண்டியதுதான். பழைய பின் ஏற்கப்பட்டதும் உங்களுக்கு மட்டும் தெரிந்த எண்ணாக மாற்றுங்கள், 4 முதல் 8 இலக்கம் வரை வைக்கலாம்.

படி 4: திருட்டுக்கென்றே இருக்கும் வசதிகளை இயக்குவது

ஆண்ட்ராய்டு: செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'தெஃப்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் 'தெஃப்ட் புரொடெக்ஷன்' வந்து நிற்கும். கூகுள் இதை 2024இல் அறிவித்தது. உள்ளே முக்கியமாக மூன்று இருக்கும். யாராவது போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவதை அசைவை வைத்து உணர்ந்து தானாகப் பூட்டுவது 'தெஃப்ட் டிடெக்ஷன் லாக்'. இணையத்தைத் துண்டித்துவிட்டாலும் பூட்டுவது 'ஆஃப்லைன் டிவைஸ் லாக்'. மூன்றாவது 'ரிமோட் லாக்'. அதற்கு கூகுள் பாஸ்வேர்டு தேவையில்லை, வேறு யாருடைய போனிலிருந்தும் ஆண்ட்ராய்டு டாட் காம் ஸ்லாஷ் லாக் என்ற முகவரிக்குப் போய் உங்கள் எண்ணைக் கொடுத்து திரையைப் பூட்டலாம். மூன்றையும் இயக்குங்கள். புதிய போன்கள் சிலவற்றில், வெளியிடங்களில் முக்கியமான செட்டிங்ஸை மாற்ற கைரேகையோ முகமோ கேட்கும் 'ஐடென்டிட்டி செக்' என்பதும் இருக்கும், அதையும் விடாதீர்கள்.

ஐபோன்: ஃபேஸ் ஐடி அண்ட் பாஸ்கோடு பகுதியில் 'ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்ஷன்'. 2024 ஜனவரியில் ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ் 17.3உடன் வந்தது. இதை இயக்கிவிட்டால், நீங்கள் வழக்கமாக இருக்கும் இடங்களைத் தாண்டி, சேமித்த பாஸ்வேர்டுகளைப் பார்க்க முகமோ கைரேகையோ கட்டாயம். வெறும் கோடு செல்லாது. ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமென்றால், முகம் காட்டிய பிறகும் ஒரு மணி நேரம் காத்திருந்து மறுபடி காட்ட வேண்டும். கோடைப் பார்த்துவிட்டுப் பறித்தவரிடமிருந்து உங்கள் கணக்கைக் காப்பாற்ற அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குப் போதும். எல்லா இடத்திலும் இந்தத் தாமதம் வேண்டும் என்றும் தேர்ந்தெடுக்கலாம், அதுதான் என் தேர்வு. தொலைந்த போனைத் தேடவும் பூட்டவும் உதவும் 'ஃபைண்ட் மை' இயங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 5: வங்கி ஆப்பும் அதன் அக்கம்பக்கமும்

ஆப்பின் செட்டிங்ஸில் ஒரு நாளுக்கு எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பு இருக்கும். பலருக்கு அது வங்கி வைத்த அளவிலேயே கிடக்கும். உங்கள் அன்றாடச் செலவுக்கு எவ்வளவு போதுமோ அந்த அளவுக்குக் குறையுங்கள். பெரிய தொகை அனுப்ப வேண்டிய நாளில் உயர்த்திக்கொள்ளலாம். சேமிப்பு முழுவதும் இருக்கும் கணக்கைப் போனில் வைத்திருக்கத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். முடிந்தால் செலவுக்கு ஒரு கணக்கு, சேமிப்புக்கு இன்னொன்று என்று பிரித்து, செலவுக் கணக்கை மட்டும் ஆப்பில் இணையுங்கள்.

மின்னஞ்சல், குறுஞ்செய்தி, போட்டோ ஆகிய ஆப்களுக்குத் தனிப் பூட்டு போடுங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 18இலிருந்து பல ஆப்களைத் தனித்தனியே பூட்டலாம். ஆண்ட்ராய்டில் பல நிறுவனங்களின் போன்களில் 'ஆப் லாக்' உண்டு, ஆண்ட்ராய்டு 15இல் ஆப்களைத் தனியாகப் பூட்டி மறைத்து வைக்க 'பிரைவேட் ஸ்பேஸ்' என்றே ஓர் இடம் வந்திருக்கிறது.

அப்புறம், போட்டோ கேலரி. கார்டின் இரண்டு பக்கமும், பாஸ்வேர்டு எழுதிய தாளும், அடையாள அட்டையும் படமாக எத்தனை பேர் போனில் இருக்கின்றன! இப்போதைய போட்டோ ஆப்கள் படத்தில் உள்ள எழுத்தையும் படிக்கும். தேடல் பெட்டியில் 'பாஸ்வேர்டு' என்று ஆங்கிலத்தில் போட்டாலே அந்தப் படம் வந்து நிற்கும். இப்போதே அப்படித் தேடிப் பார்த்து, கிடைப்பதை அழியுங்கள். அழித்தவை தங்கியிருக்கும் குப்பைப் பெட்டியையும் காலி செய்யுங்கள். நோட்ஸ் ஆப்பிலும், உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொண்ட செய்திகளிலும் இதே தேடலைச் செய்யுங்கள்.

படி 6: தாளில் எழுதி வைக்க வேண்டியவை

போன் போன பிறகு போனில் இருக்கும் எதுவும் உதவாது. ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்: வங்கியின் அவசர உதவி எண், சிம் நிறுவனத்தின் எண், போனின் 15 இலக்க ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண், *#06# என்று டயல் செய்தால் திரையில் வரும்), உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் பெயர். கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தால், புதிய கருவியில் நுழையும்போது அது சம்மதம் கேட்டு, திருடுபோன போனுக்கே தகவல் அனுப்பும். அந்தச் சிக்கலுக்காகத்தான் 'பேக்கப் கோட்ஸ்' இருக்கின்றன: 8 இலக்கத்தில் 10 எண்கள், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அவற்றை அச்சிட்டு வையுங்கள். ஆப்பிளில் 'ஃபைண்ட் மை' இணையப் பக்கத்துக்கு மட்டும் பாஸ்வேர்டே போதும், ஓடிபி கேட்காது.

போன் திருடுபோய்விட்டால்: எதை முதலில் செய்வது?

பலரும் முதலில் சிம்மை முடக்க ஓடுவார்கள். நான் அதை மூன்றாவதாக வைக்கிறேன். காரணம் இருக்கிறது. தூரத்திலிருந்து பூட்டும் கட்டளை போனுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் அதில் இணையம் இருக்க வேண்டும். சிம்மை முடக்கினால் மொபைல் டேட்டாவும் போய்விடும்.

எனவே பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி முதலில் பூட்டுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் மேலே சொன்ன ரிமோட் லாக். ஐபோன் என்றால் ஐகிளவுட் டாட் காம் ஸ்லாஷ் ஃபைண்ட் போய், போனைப் பூட்டும் லாஸ்ட் மோட். இதற்கு இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும். அதற்குள் முடியவில்லை என்றால் போராடிக்கொண்டிருக்காமல் அடுத்ததற்குப் போங்கள்.

இரண்டாவது வங்கி. "என் போன் திருடுபோய்விட்டது, மொபைல் பேங்கிங்கையும் கார்டுகளையும் உடனே முடக்குங்கள்" என்று சொல்லிப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அழைத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பணம் போனது தெரிந்தால், நீங்கள் எப்போது சொன்னீர்கள் என்பதுதான் கேள்வியாக வரும். ஒன்றுக்கு மேற்பட்ட வங்கி இருந்தால் எல்லாவற்றுக்கும் அழையுங்கள், பணம் குறைவாக இருக்கும் கணக்கையும் விட வேண்டாம்.

மூன்றாவது, சிம் முடக்கம். நான்காவது, வேறொரு கருவியில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றி, திருடுபோன போனை அந்தக் கணக்கிலிருந்து சைன் அவுட் செய்வது. அதன் பிறகு காவல் நிலையத்தில் ஐஎம்இஐ எண்ணோடு புகார் கொடுங்கள்.

போனில் உள்ளதை அழிக்கும் கட்டளையை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் அழித்துவிட்டால் அப்புறம் அது எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாது. போன் திரும்பி வராது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு அழிக்கலாம்.

புதிய சிம் கிடைத்ததும் வங்கிக் கணக்கைத் திறந்து பணம் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். பணம் பெறுவோர் பட்டியலில் புதிய பெயர் சேர்ந்திருக்கிறதா, நாள் வரம்பு மாறியிருக்கிறதா, உங்கள் பெயரில் கடன் விண்ணப்பம் ஏதாவது போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சில நாள் கழித்து, "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இருக்குமிடம் பார்க்க இந்த லிங்க்கை அழுத்துங்கள்" என்று ஒரு செய்தி வரலாம். அசல் நிறுவனம் அனுப்பியதைப் போலவே இருக்கும். திறந்தால் ஆப்பிள் அல்லது கூகுள் பாஸ்வேர்டு கேட்கும். அது போனை வைத்திருப்பவர்கள் அனுப்புவது. உங்கள் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும்வரை அந்தப் போனை அழித்துப் புதிதுபோல விற்க முடியாது, அந்தக் கட்டை அவிழ்க்கத்தான் உங்கள் பாஸ்வேர்டு அவர்களுக்குத் தேவைப்படுகிறது. சிலர் நேரடியாக அழைத்தும் மிரட்டியும் கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள், ஐபோன் என்றால் 'ஃபைண்ட் மை' பட்டியலிலிருந்து அந்தப் போனை நீக்கவும் செய்யாதீர்கள்.