ஒற்றை அறை வீட்டில் நாயும் பூனையும்: நஞ்சை எங்கே வைப்பது?

வடசென்னையில் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை போன்ற பகுதிகளின் சிறு குடித்தனங்களில் சமையலும் படுக்கையும் ஒரே அறைக்குள் நடப்பதால், ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், எலி மருந்து ஆகியவை கட்டிலுக்கு அடியிலோ பரண் மேலோதான் இருக்கும். பரண் நாய்க்கு எட்டாது; பூனைக்கோ அதுவே படுக்கை. ஆகவே உயரத்தை நம்பாமல், கொக்கி போட்ட தகரப் பெட்டி ஒன்றில் இவற்றைப் பூட்டி வையுங்கள்.

இவற்றுள் எலி மருந்துக்கே நான் அதிகம் அஞ்சுவேன். மசால் வடைக்குள் மருந்தைப் பொதிந்து மூலையில் வைத்தால், எலிக்கு முன்னரே நாய் மோப்பம் பிடித்துவிடும். புரோமடியோலோன் கலந்த கட்டி மருந்து இரத்தம் உறைவதைத் தடுப்பதால், அதைத் தின்ற நாய் இரண்டு மூன்று நாள் வழக்கம்போல விளையாடிவிட்டு, பிறகு ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, உள்ளுக்குள் இரத்தம் கசிந்து படுத்துவிடும். அறிகுறிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் கொண்டு சென்றால், வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வழியுண்டு. கருவாட்டுத் துண்டு மாட்டிய கூண்டுப் பொறி இருக்க, இந்த வம்பு எதற்கு?

பூனை நஞ்சைத் தேடித் தின்பது குறைவு. நக்கித்தான் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஃபினாயில் போட்டுத் துடைத்த ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் என்பதால், வெறும் தண்ணீரால் மறுபடி துடைத்துத் தரை காய்ந்த பிறகே அதை உள்ளே விடுங்கள். உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், 500 மி.கி. மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும். காசிமேட்டில் வாங்கிய மீனின் வாயில் தூண்டில் முள் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே தலையைப் போடுங்கள். தூண்டிலின் நைலான் நரம்பு தொண்டைக்குள் போயிருந்தால் பிடித்து இழுக்கவே கூடாது.

நஞ்சு உள்ளே போய்விட்டால் பலரும் புளியைக் கரைத்து ஊற்றுகிறார்கள். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உப்புத் தண்ணீரும் ஆபத்தானது. மண்ணெண்ணெய், ஆசிட் குடித்திருந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 1903-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. ஆட்டோ பிடிக்கும் அவசரத்திலும் மருந்தின் அட்டையை மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் வாந்தியையாவது ஒரு கவரில் அள்ளிச் செல்லுங்கள்.