பாரதி ஊர்களுக்குக் காரில் போகிறீர்களா?

எட்டயபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். கடையத்தையும் சேர்த்தால் ஒரு முழு நாள் பயணம் நிறைவாக இருக்கும்.

எட்டயபுரத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கரிசல் பூமி, நிழல் குறைவு. உச்சி வெயிலில் குழந்தைகள் சிணுங்கத் தொடங்கிவிடுவார்கள். 1882-இல் பாரதி பிறந்த வீட்டை முதலில் பாருங்கள். அப்புறம் மணிமண்டபம். கல்கி முன்னின்று நிதி திரட்டிக் கட்டியது, 1947-இல் ராஜாஜி திறந்து வைத்தார். முத்துசாமி தீட்சிதர் நினைவிடமும் இதே ஊரில்தான். பாட்டு கற்கும் பிள்ளைகள் இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

டிசம்பர் 11 பிறந்தநாள். விழா பிடிக்கும் என்றால் அன்றே போகலாம். நிதானமாகப் பார்க்க வேண்டுமா, வேறு நாள்தான் சரி.

அடுத்து கோவில்பட்டி. கடலைமிட்டாய் வாங்காமல் வண்டி நகராது, அது உங்களுக்கே தெரியும்! அங்கிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் ஊரான இடைசெவல் வரும், இன்னொரு எழுத்தாளர் கு. அழகிரிசாமிக்கும் அதுதான் சொந்த ஊர். சும்மா ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம்.

சாயங்காலம் கடையம், பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர். 1918 கடைசியில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பாரதி வந்து தங்கியது இங்கேதான். கரிசலில் தொடங்கி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் முடிகிற பயணம் என்பதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். காரில் வரும்போது பிள்ளைகளுக்கு ஒரு பாரதி பாட்டாவது பழக்கிவிடுங்கள். கடையத்தின் நித்தியகல்யாணி அம்மன் கோவில் பக்கம் இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.