பத்மநாபபுரம் கொட்டாரம்: சுற்றிக் காட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவிதாங்கூர் ராஜாக்களின் அரண்மனையாக இருந்த பத்மநாபபுரம் கொட்டாரத்தில், பூமுகம் என்கிற வாசல் மண்டபத்தில் என் ஆட்களுக்காகக் காத்து நின்றேன். பக்கத்தில் தொழிலுக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன், வேன் நிறைய வந்த கூட்டத்துக்கு தலைக்கு மேல் இருந்த மர மச்சைக் காட்டிச் சத்தமாகச் சொன்னான்: "இது எல்லாமே மார்த்தாண்டவர்மா மகாராஜா கட்டினது." எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினேழு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வாக்கியம். கையைத் தூக்கிய விதம்கூட அதேதான்.

நான் கொட்டாரத்து ஊழியன் இல்லை. நாகர்கோவிலிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் தமிழ் ஆட்களை, கொட்டாரம் இருக்கிற தக்கலைக்குக் கூட்டி வருகிறவன். உள்ளே அறைக்கு அறை கேரளத் தொல்லியல் துறை ஊழியர்கள் நின்று விளக்கம் சொல்வார்கள், பாதி மலையாளம் கலந்து. அவர்கள் சொன்னதைத் தெளிவாக்குவதும் விட்டதை நிரப்புவதும் என் பிழைப்பு. திங்கட்கிழமை விடுமுறை, செருப்பை வெளியே விட வேண்டும், மத்தியானம் கொஞ்ச நேரம் அடைப்பார்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாமல் ஆள் கூட்டி வருகிறவர் இந்தத் தொழிலுக்கே வர வேண்டாம்.

பூமுகத்திலேயே முக்கால் மணி நேரம்

வாசலில் இருக்கிற பூமுகம் ஆளை மயக்கும். மச்சில் செதுக்கிய 90 பூக்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்பார்கள். எப்படித் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்கும் குதிரை விளக்கு, சீன நாற்காலி, ஓணத்துக்கு ராஜாவுக்குக் காணிக்கையாக வந்த ஓணவில்லு என்று எல்லாம் அங்கேயே இருக்கும். புதியவர்கள் தங்களிடம் இருக்கிற கதை முழுவதையும் இங்கேயே கொட்டிவிடுவார்கள். அப்புறம் நாலு அடுக்கு உப்பரிகை மாளிகைக்குப் போகும்போது சொல்ல ஒன்றும் இருக்காது, கேட்க ஆட்களுக்கும் தெம்பு இருக்காது. பத்து நிமிஷம் போதும்.

மந்திரசாலையில் டார்ச் அடிப்பது

மாடியில் ராஜா மந்திரிகளோடு கூடிப் பேசிய இடம் மந்திரசாலை. படி ஏறி உள்ளே வந்ததும் கண் இருட்டும். உடனே நம் ஆள் செல்போன் டார்ச்சை அடித்து, "பாருங்க, தரை கண்ணாடி மாதிரி இருக்கு" என்பார். வெளிச்சம் விழுந்த அந்த ஒரு முழ இடம் மட்டும் மின்னும், மிச்ச அறை செத்துப்போகும். இரண்டு நிமிஷம் எல்லோரையும் பேசாமல் நிற்க வையுங்கள். சட்டங்களுக்கிடையே வரும் வெளிச்சமும் அபிரகத் தகடு பதித்த ஜன்னல்களின் நிறமும் மெதுவாகக் கறுப்புத் தரையில் இறங்கும். கூடவே காற்றும் வரும். சித்திரை வெயிலில் வெளியே வெந்து வந்தவர்கள் "ஏசி போட்ட மாதிரி இருக்கே" என்று அவர்களாகவே சொல்வார்கள். நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம்.

"எல்லாம் மார்த்தாண்டவர்மா கட்டியது"

இதுதான் என் கையைச் சுட்ட தவறு. இன்றைக்கும் யாராவது சொன்னால் எனக்குப் பல் கூசும்.

கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகளை வருஷா வருஷம் மார்கழியில் ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு பஸ்ஸில் கூட்டி வருவார்கள். அந்த வருஷம் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. கொட்டாரத்துக்குள்ளே தாய்க்கொட்டாரம் என்கிற வீட்டில் நின்று, "மார்த்தாண்டவர்மா தன் அம்மாவுக்காக 1750-ல கட்டினது" என்று அடித்துவிட்டேன். அந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 'தாய்' என்று பெயர் இருந்ததால் நானே முடிச்சுப் போட்டுக்கொண்டது. கூட வந்த பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அரை மணி கழித்து உப்பரிகை மாளிகைக்கு வந்தோம். அங்கேயும் 1750 என்றேன். அப்போதுதான் அவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, குனிஞ்சு நுழைஞ்ச அந்த வீடும் நாலு மாடி நிக்கிற இந்த வீடும் ஒரே வருஷத்திலயா எழும்பிச்சு? ஒரே ஆசாரியா?"

பிள்ளைகள் நாற்பது பேர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். "சரியாத் தெரியல சார்" என்று சொல்லியிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். நான் "ஆமா சார்" என்றேன். அடுத்த மார்கழியில் அதே பஸ்கள் வந்தன, வேறு ஆளோடு. தக்கலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். அதற்கு அடுத்த வருஷமும் பார்த்தேன்.

கொட்டாரத்துக்கு வெளியே இளநீர் விற்கும் பாட்டா ஒருவர்தான் எனக்கு வழி சொன்னார். "மக்கா, நீ புத்தகத்தில வருஷம் தேடாதே. முதல்ல வாசலைப் பாரு" என்றார். தாய்க்கொட்டாரத்தின் வாசலில் குனியாமல் நுழைய முடியாது. நடுவில் முற்றம் விட்டு நாலு பக்கமும் தாழ்வாரம் ஓடும் நாலுகெட்டு வீடு. ஓரத்தில் ஏகாந்த மண்டபம், அதில் பலா மரத்தில் கடைந்த ஒற்றைத் தூண். ஒரு பெரிய தறவாட்டு வீட்டில், அதாவது பரம்பரைக் குடும்ப வீட்டில், என்ன இருக்குமோ அவ்வளவுதான். உப்பரிகையோ மேலே மேலே ஏறிக்கொண்டே போகிறது. ஒன்று வீட்டுக்காரர் கட்டியது, மற்றது நாட்டைப் பிடித்தவர் கட்டியது. கண்ணால் பார்த்தாலே தெரிகிற வித்தியாசத்தை நான் வாயால் அழித்திருந்தேன்.

எனவே புதியவர்களுக்கு நான் சொல்வது, டிக்கெட் வாங்கும் முன்பே மூன்று வருஷங்களைச் சொல்லிவிடுங்கள். 1601, 1750, 1795.

1601-ல் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் இங்கே கொட்டாரம் கட்டத் தொடங்கினார். அப்போது ஊரின் பெயர் கல்குளம். தாய்க்கொட்டாரம் அதற்கும் முந்தியது, 1550 வாக்கில் கட்டியது என்று சொல்வார்கள். 'தாய்' என்றால் மற்றக் கட்டடங்களுக்கெல்லாம் தாய் என்று எடுத்துக்கொள்ளுங்கள், வயது சரியாக வந்துவிடும். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மா பழையதை இடித்துத் தள்ளவில்லை. அதை உள்ளே வைத்துக்கொண்டே சுற்றி எழுப்பினார். 1795-ல், அவருக்குப் பின் வந்த தர்மராஜா காலத்தில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது.

சிக்கல் என்னவென்றால், பார்வையாளர் நடக்கும் வழி இந்த வரிசையில் இல்லை. பூமுகம், மந்திரசாலை, ஆயிரக்கணக்கில் ஆட்களை உட்கார வைத்துச் சாப்பாடு போட்ட ஊட்டுப்புரை எல்லாம் பார்த்த பிறகுதான் மிகப் பழைய வீடு வருகிறது. வருஷத்தை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஆட்களுக்கு எல்லாம் ஒரே மரம், ஒரே ஓடு.

நடு வருஷத்தைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 1750 ஜனவரியில் மார்த்தாண்டவர்மா திருப்படிதானம் செய்தார். நாட்டையே ஸ்ரீபத்மநாபனுக்கு எழுதி வைத்து, தான் பத்மநாபதாசனாக இருந்து ஆண்டார். கல்குளம் பத்மநாபபுரம் ஆனது அதனால்தான். அதே காலத்தில் எழுந்த உப்பரிகையைக் கீழிருந்து மேலே எண்ணிப் பாருங்கள். தரைத்தளம் கருவூலம். அதற்கு மேல் ராஜாவின் படுக்கை, டச்சுக்காரர்கள் கொடுத்ததாகச் சொல்லும் 64 மூலிகை மரக் கட்டில் அங்கேதான் இருக்கிறது. அதற்கும் மேல் ராஜா விரதம் இருக்கிற, படிக்கிற அறை. உச்சியில் பத்மநாபனுக்கு ஒரு கட்டில், விளக்கு, சுற்றிலும் சுவரோவியம். அனந்தசயனத்தில் இருக்கிறவருக்குக் கட்டில்தானே போட வேண்டும். ராஜா தூங்கினாலும் படித்தாலும் அவர் தலைக்கு மேல்தான் அரசர் இருந்தார்.

நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? 64 மரம் என்று சொல்லி, எந்த மரம் எந்த நோய்க்கு என்று தெரிந்ததையும் தெரியாததையும் அளந்து, போட்டோ எடுக்கச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். உச்சித் தளத்தை எல்லோருக்கும் திறந்து விடுவதில்லை. எனவே கீழே நின்றே விரலால் எண்ணிக் காட்ட வேண்டும். அந்தப் பேராசிரியர் நான் இதைச் சொல்வேன் என்றுதான் காத்திருந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பாவுக்குப் பின் மகன்

"மார்த்தாண்டவர்மாவின் மகன் தர்மராஜா" என்று போன வாரம்கூட ஒருவர் சொன்னார். மருமகன். இங்கே மருமக்கத்தாயம், பட்டம் சகோதரியின் மகனுக்குப் போகும். மார்த்தாண்டவர்மாவே தன் மாமா ராமவர்மாவுக்குப் பின் வந்தவர்தான். ராமவர்மாவின் பிள்ளைகளான, 'தம்பி' என்று பட்டப்பெயர் கொண்டவர்களோடு வந்த சண்டை இதனால் எழுந்தது. இதைச் சொல்லாமல் அந்தச் சண்டையைச் சொன்னால், சொத்தை அபகரித்த கதை மாதிரி ஆகிவிடும்.

சுரங்கப்பாதை

சாரோட்டுக் கொட்டாரத்துக்குப் போகும் என்பார்கள். நான் போனதில்லை. தாண்டுங்கள்.

தரைக்கு எத்தனை முட்டை

அந்தக் கறுப்புத் தரைக்குக் கருகிய சிரட்டை, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று சேர்மானம் சொல்வார்கள். எண்ணிக்கை கேட்டால் "நிறைய" என்று சொல்லி நடங்கள்.

வெள்ளைக்காரன் என்றால் ஆங்கிலேயன்

1741 குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றது டச்சு. பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படையின் தளபதி ஆனார். பக்கத்து உதயகிரிக் கோட்டையில்தான் அவர் கல்லறை.

இது நம்மதா, அவங்களதா

இந்தக் கேள்வி எந்தக் கூட்டத்திலும் ஒருவரிடமிருந்து வரும். "நம்ம மண்ணு, போர்டு மட்டும் மலையாளத்துல எதுக்கு?" சூடாகப் பதில் சொல்லி ஒரு முறை வேனுக்குள்ளேயே இரண்டு குடும்பங்களுக்கு வாய்ச்சண்டை வர வைத்திருக்கிறேன். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் அன்றைய மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்து குமரி மாவட்டம் ஆயின. கொட்டாரம் கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது.

அதற்கு மேல் கேட்டால் நவராத்திரியைச் சொல்வேன். தலைநகர் போன பிறகும் சரஸ்வதி தேவி இங்கேயே இருந்துவிட்டாள், விழா மட்டும் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. அதனால் வருஷா வருஷம் உப்பரிகையில் உடைவாள் கைமாறி, சரஸ்வதி யானை மேலும் வேளிமலைக் குமாரசுவாமி வெள்ளிக் குதிரையிலும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை பல்லக்கிலும் புறப்படுகிறார்கள். மாநில எல்லையான களியக்காவிளையில் இந்தப் பக்கத்து ஆட்கள் அனுப்பி வைக்க, அந்தப் பக்கத்து ஆட்கள் வரவேற்று அழைத்துப் போவார்கள். விழா முடிந்ததும் மூவரும் திரும்பி வந்துவிடுவார்கள்.

தெற்குக் கொட்டாரத்தில் வாயை மூடிக்கொள்வது

வழியின் கடைசியில் வருவது தெற்குக் கொட்டாரம். கால் வலிக்கும், பசிக்கும், வேன்காரர் போன் பண்ணிக்கொண்டே இருப்பார். புதியவர்கள் "இது மியூசியம், பழைய சாமான் வச்சிருக்காங்க" என்று சொல்லி வெளியே தள்ளிவிடுவார்கள். இதுவும் தாய்க்கொட்டாரத்தின் வயதுதான் என்பார்கள். அதாவது நடந்து நடந்து மறுபடியும் முதல் காலத்துக்கே வந்திருக்கிறோம். நான் இங்கே எதையும் சொல்வதில்லை, ஒரு கேள்வி மட்டும் கேட்பேன்: "இது இன்னைக்குப் பார்த்ததுல எந்த வீடு மாதிரி இருக்கு?" பெரியவர்கள் யோசிப்பார்கள். போன மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஒரு சின்னப் பெண், ஏழு வயது இருக்கும், நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நான் இடிச்சுக்கிட்டேனே, அந்த வீடு மாதிரி."