சூட்டில் மட்டும் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? அப்படியென்றால் சூட்டிலேயே அளந்து பாருங்கள்

காலையில் சாவியைத் திருப்பியதும் விர்ரென்று ஸ்டார்ட் ஆகிற வண்டி, ஒரு மணி நேரம் ஓடி நின்றபிறகு உர்ர்… உர்ர் என்று திணறும், ஆறவிட்டால் மறுபடி சரியாகிவிடும். இதைச் சொன்னதும் பெரும்பாலும் கிடைக்கிற பதில் "பேட்டரியை மாத்துங்க". அதை மாற்றி, தீராமல், எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்கிற செல்ஃப் மோட்டாரையும் மாற்றி, கடைசியில் பேட்டரியின் நெகட்டிவை எஞ்சினோடு இணைக்கிற ஒரு எர்த் ஒயரில் போய் முடிந்த கதைகள் நிறைய.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சூடான எஞ்சினில் ஆயில் இளகியிருக்கும், சுற்றுவது லேசாகத்தான் இருக்க வேண்டும். பேட்டரியும் குளிரில்தான் சோர்ந்துபோகும். அப்படியிருந்தும் சூட்டில் திணறுகிறது என்றால், சூடேறினால் மோசமாகிற ஏதோ ஒன்று நடுவில் இருக்கிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். 60 டிகிரி ஏறினால் ஏறக்குறைய கால் பங்கு கூடிவிடும். சூடான புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் இருக்கிற செல்ஃப் மோட்டார், வண்டியை நிறுத்தியபிறகுதான் இன்னும் சூடாகும், காற்றோட்டம் நின்றுபோவதால். நிறுத்திய உடனே ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் தெரியாமல், பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்துத் திணறுவதற்கு இதுதான் காரணம். நல்ல மோட்டாரும் நல்ல கேபிளும் இதைத் தாங்கிக்கொள்ளும், ஏற்கெனவே தேய்ந்துபோனதுதான் மாட்டிக்கொள்ளும்.

அதனால் எல்லா அளவுகளையும் வண்டி திணறுகிற அந்த நேரத்திலேயே எடுக்க வேண்டும். ஆறின வண்டியில் அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். செல்ஃபைக் கழற்றி மேசையில் வைத்துச் சுமை இல்லாமல் சுற்றிக் காட்டி "நல்லாத்தானே இருக்கு" என்பதும் இதே ரகம்தான்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்: செல்ஃப் நல்ல வேகத்தில் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அது பெட்ரோல் அல்லது ஸ்பார்க் சமாச்சாரம், இங்கே பேசுவது அதுவல்ல.

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் சாவியைத் திருப்ப ஓர் ஆளும் போதும். கியர் நியூட்ரலில், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும். ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்து மிச்சப் பெட்ரோல் தீர்ந்து தானாக அணையும்வரை ஒருமுறை ஓடவிடுங்கள். அப்புறம் அளக்கும் நேரத்தில் எஞ்சின் பிடித்துக்கொள்ளாது. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்றாமல், நடுவே ஓரிரு நிமிஷம் விட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் சோதனையே செல்ஃபை இன்னும் சூடாக்கிவிடும். ரேடியேட்டர் ஃபேன் பக்கம் கையோ மீட்டர் ஒயரோ போக வேண்டாம், எஞ்சின் அணைந்திருந்தாலும் அது தானாகச் சுற்ற ஆரம்பிக்கலாம்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துச் சுற்றச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது 12.4 முதல் 12.6 வரை இருக்கிற பேட்டரி, சுற்றும்போது 10 வோல்ட்டை ஒட்டியோ அதற்கு மேலோ நிற்க வேண்டும். 9.6க்குக் கீழே விழுந்தால், ஒன்று பேட்டரி சோர்ந்திருக்கிறது, இல்லை செல்ஃப் அளவுக்கு மீறி இழுக்கிறது. மாறாக, செல்ஃப் மெதுவாகச் சுற்றியும் பேட்டரியில் 11 வோல்ட்டுக்கு மேல் அப்படியே நின்றால் பேட்டரிமேல் பழி போட வேண்டாம், கரண்ட் போகிற வழியிலோ செல்ஃபுக்குள்ளேயோ அடைப்பு இருக்கிறது.

அந்த அடைப்பைத் தேடுவதுதான் முக்கியமான வேலை, பலரும் தவறவிடுவதும் இதைத்தான். ஒயரைக் கழற்றி மீட்டரில் ஓம் (மின்தடை) பார்த்தால் எதுவும் தெரியாது. 150 ஆம்பியர் ஓடும்போது 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் போய்விடும், அந்த 0.01 ஓமைச் சாதாரண மீட்டர் காட்டாது. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கிற கேபிளுக்கும் மீட்டர் பீப் அடிக்கும். ஆகவே சுற்றும்போதே பாருங்கள்: மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவ் குமிழில் (மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் அல்ல), மறுமுனை செல்ஃபில் பெரிய கேபிள் வந்து சேரும் போல்ட்டில். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கேபிளிலோ அதன் முனைகளிலோ கோளாறு. அப்புறம் எர்த் பக்கம்: பேட்டரியின் நெகட்டிவ் குமிழுக்கும் செல்ஃபின் உடம்புக்கும் நடுவே 0.2 வோல்ட், மிஞ்சினால் 0.3, அதற்கு மேல் போகக் கூடாது. செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற சுவிட்சான சாலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே, சுற்றாதபோது முழு பேட்டரி வோல்ட் காட்டும், சுற்றும்போது 0.3க்குள் விழ வேண்டும். விழாவிட்டால் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கிறது.

செல்ஃபுக்குக் கை எட்டவில்லையா? நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு ஒரு தடித்த ஜம்ப்பர் கேபிளைப் போட்டுச் சுற்றிப் பாருங்கள். சட்டென்று வேகம் கூடினால் எர்த் ஒயர்தான் குற்றவாளி. செலவில்லாத சோதனை, நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

வழியெல்லாம் சுத்தமாக இருந்தால் டிசி ஆம்பியர் காட்டுகிற கிளாம்ப் மீட்டர் வேண்டும். நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி பொதுவாக 100 முதல் 200 ஆம்பியருக்குள் இழுக்கும், டீசல் அதைவிடக் கூடுதல். ஆறியிருக்கும்போது எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். மெதுவாகவும் சுற்றி ஆம்பியரும் ஏறினால், செல்ஃபுக்குள் தண்டைத் தாங்குகிற வளையமான புஷ் தேய்ந்து, சுற்றுகிற பாகமான ஆர்மேச்சர் சாய்ந்து உள்சுவரில் உரசுவது வழக்கமான காரணம். ஆம்பியர் குறைந்தே இருந்தால் ஆர்மேச்சருக்குக் கரண்டைக் கொடுக்கிற பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

செல்ஃபில் கை வைப்பதற்கு முன் எஞ்சினையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டியில் டைமிங் (ஸ்பார்க் விழுகிற நேரம்) அதிகமாக முன்னால் போயிருந்தால் சூட்டில் திருப்பி உதைத்து நிற்கும். இக்னிஷன் காயிலுக்குப் போகும் பிரைமரி ஒயரைக் கழற்றிவிட்டுச் சுற்றும்போது இலேசாகச் சுற்றினால் அதுதான். கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்து, சுற்றும்போது ஒரே இடத்தில் டக்கென்று முட்டி நின்றால் மேற்கொண்டு சுற்றாதீர்கள், சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம், அந்த நிலையில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

செல்ஃபை மாற்றுவது என்று முடிவானால் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். வெப்பத் தடுப்புத் தகடு இருந்த இடத்தில் திரும்பவும் மாட்டுங்கள். முன்பு யாரோ கழற்றிப்போட்டுவிட்டு மாட்டாமலே விட்ட வண்டிகள் உண்டு. மாட்டி முடித்ததும் ஒரு மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, கால் மணி கழித்து அதே இடங்களில் மீட்டரை வைத்துப் பாருங்கள்.