கம்பு கையைக் கடிக்காமல் இருக்க: கைத்தடி செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கொய்யா வருஷா வருஷம் அடியிலிருந்து நேர்நேராகப் போத்து விடும். அதில் ஒன்றை ஆடி மழையில் வெட்டினேன். நாலே நாளில் பட்டை உரித்து, கைப்பிடியில் கிளி மூக்கு செதுக்கி, வார்னிஷ் அடித்து மாமியார் கையில் கொடுத்தாகிவிட்டது. ஆயுத பூஜைக்குள் மேலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். "கம்பு கையைக் கடிக்குது மாப்ளே" என்றார். ஊன்றும்போது விரிந்து, எடுக்கும்போது மூடி, உள்ளங்கைத் தோலைக் கிள்ளியிருக்கிறது. கிளியின் மூக்கு அதற்கு முன்பே போய்விட்டிருந்தது.

ஜோகுபாளையாவில் தெரிந்த ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கம்பை வாங்கி முகர்ந்து பார்த்தார். "அண்ணே, இது இன்னும் செடிதான். மரமே ஆகல."

கொய்யா மேல் குற்றமில்லை. பம்பரத்துக்கும் உண்டிவில்லுக்கும் பையன்கள் தேடிப்போனது அந்த மரத்தைத்தானே. தப்பு, வெட்டிய மாதத்தில். மழைக்காலத்தில் கிளையெல்லாம் நீரோட்டம். அப்போது வெட்டினால் பட்டை கழன்று வரும், பூஞ்சை பிடித்துக் கறுக்கும், பூச்சியும் சீக்கிரம் வரும். பெங்களூரில் மார்கழி, தை தான் தோது. மரம் அடங்கியிருக்கும், அதற்குப் பிறகு பங்குனி வரை காற்றும் உலர்ந்திருக்கும்.

இளங்கம்பு ஏன் வெடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தானாக நின்றுவிடும். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நடுவை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, வளையத்தின் சுற்றளவில் சுருங்குகிறது. முழுக் கம்பில் நடு நெட்டி அப்படியே உள்ளே இருப்பதால் வெளிச்சுற்று இறுகி இறுகி, தாங்காமல் ஓரிடத்தில் பிளக்கிறது. மெதுவாகக் காய்ந்தால் இந்த இழுபறி குறையும். அவசரம் காட்டினால் கம்பு அதைத் திருப்பிக் காட்டும்.

அதனால் மொட்டைமாடியில் போடவே கூடாது. நம்மூர் வெயில் உறைக்கவில்லையே என்று ஏமாந்துவிடுவோம், தளத்தின் சூடு வேறு. காற்றோட்டமான நிழலில், அடியில் நாலு மரத்துண்டு கொடுத்துக் கிடத்த வேண்டும். ஈரம் பக்கவாட்டில் போவதைவிட வெட்டுமுனை வழியாகத்தான் வேகமாகப் போகும். வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் மெழுகையோ பழைய பெயின்ட்டையோ அப்பிவிட வேண்டும். இரு பக்கமும் அரையடி கூடுதலாக விட்டு வெட்டினால், முனை வெடித்தாலும் அறுத்துப் போட்டுவிடலாம். இதைச் சொல்லாத ஆசாரி இல்லை, கேட்காமல் போனவன் நான்.

எவ்வளவு நாள்? ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. அதைவிட நம்பகமானது சமையலறைத் தராசு. வாரம் ஒருமுறை நிறுத்து, கம்பின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை இறங்குவது நின்று நாலைந்து வாரம் அப்படியே நின்றால், காய்ந்துவிட்டது. வளைந்த கம்பாக இருந்தால் ஈரமாக இருக்கும்போதே நேரான குழாயோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். காய்ந்தபின் நிமிர்த்த ஆவி காட்ட வேண்டும். வீட்டு இட்லிப் பானையில் அதைச் செய்து நான் வாங்கிய பேச்சு தனிக்கதை.

மரத் தேர்விலும் ஆசை கண்ணை மறைக்கும். சாலையில் கிளை கழித்துப் போடும்போது மயில்கொன்றை (குல்மோகர்) மலிவாகக் கிடைக்கும். அது சட்டென்று முறியும் மரம், உடல் பாரத்தைத் தாங்காது. அரளி நேராக வளரும், ஆனால் செடி முழுக்க விஷம். கொய்யா, சவுக்கு நல்லவை. குடகு, சிக்கமகளூர் பக்கம் தோட்டத்தில் பிடுங்கிப் போடும் பழைய காப்பிச் செடியின் தண்டு இன்னும் நல்லது, இழைத்தால் வழவழவென்று வரும். சாலையோரக் கன்றுகளைத் தொடாதீர்கள். மரம் வெட்ட அனுமதி கேட்கும் 1976-ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் சொந்த இடத்து மரத்துக்கும் பொருந்தும். காம்பவுண்டுக்குள் தானாக முளைத்த சந்தனக் கன்றின் பக்கம் கத்தியோடு போகவே வேண்டாம்.

இனி கிளி மூக்கு. நேர்க்கம்பின் தலையில் பக்கவாட்டாக நீட்டிச் செதுக்கினால், அந்த மூக்கில் நார் குறுக்காக ஓடும். பிஸ்கட் மாதிரி உடையும். வளைந்த பிடி வேண்டுமென்றால் கவைக் கிளையாகப் பார்த்து எடுங்கள், அல்லது வேர்க்கட்டையோடு தோண்டி எடுங்கள். அங்கே நாரே வளைந்து ஓடும். தண்டைச் சுற்றி ஆழமாக வளையம் வெட்டுவதும் அதே ரகம்தான். கரும்பை முறிக்க நாம் கத்தியால் போடும் வெட்டு அது. பூ வேலையெல்லாம் மேல் ஒரு சாணோடு, மேலோட்டமாக நிற்கட்டும். கத்தி மழுங்கியிருந்தால் அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும், பிடித்திருக்கும் கை கிழியும். தீட்டிவிட்டு உட்காருங்கள்.

உயரத்தைக் கண்ணளவில் வைப்பது பெரிய தவறு. எனக்குச் சரியாக இருந்ததை மாமியாரிடம் கொடுத்தேன், தோள் தூக்கிக்கொண்டு நடந்தார். வெளியே போடும் செருப்போடு நிமிர்ந்து நிற்கவைத்து, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்கும். அடியில் போடும் ரப்பரின் கனத்தைக் கழித்து, கடைசியாக அறுங்கள். பித்தளைப் பூண் அழகுதான், ஆனால் மழை பெய்த நடைபாதைக் கல்பலகையில் வழுக்கிவிடும். சர்ஜிகல் கடையில் கிடைக்கும் ரப்பரே போதும். தேய்ந்ததும் மாற்றுங்கள்.

பிடிக்கு வார்னிஷைவிட ஆளிவிதை எண்ணெய் மேல், வியர்த்த கையிலும் வழுக்காது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு, அப்புறம் குப்பையில் போடலாம்.

தை மாதம் வெட்டிய கொய்யா இப்போது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. "காஞ்சுடுச்சா?" என்று மாமியார் தினமும் கேட்கிறார். போன ஞாயிறு 468 கிராம். இன்றைக்கு 465.