சாட்டாவிடம் தோற்ற சாஸ் வட்டு

பினாங்கு பாயான் லெப்பாஸ் அலுவலகத்தில், தரவு சேமிக்கும் பழைய சாட்டா (SATA) வட்டுகளுக்குப் பதிலாகச் சாஸ் (SAS) போட்டோம். இரண்டும் வட்டைக் கணினியோடு இணைக்கும் முறைகள்; சாஸ் பெரும்பாலும் சர்வர்களுக்கானது. இரு வட்டுகளுமே நிமிடத்துக்கு 7200 சுழற்சிதான். வாசிப்பு ஒரே வேகம். எழுதும்போது மட்டும் சாட்டா நொடிக்கு 190 எம்பி, புது சாஸ் 60!

மூன்று நாள் வீண். கேபிள் மாற்றினேன், வட்டுகளை இணைக்கும் கார்டின் ஃபர்ம்வேரை (உள்மென்பொருளை) புதுப்பித்தேன். இணைப்பு, சாஸுக்கு உரிய நொடிக்கு 12 ஜிகாபிட்டில்தான் இருந்தது. அதைப் பார்த்ததே வேண்டாத வேலை. சுழலும் வட்டு ஒன்றால் சாட்டாவின் 6 ஜிகாபிட்டையே நிரப்ப முடியாது.

எழுதுவது மட்டும் மந்தம் என்பதில்தான் விடை இருந்தது. எழுத வரும் தரவை வட்டு முதலில் தற்காலிகமாக வாங்கி வைக்கும் நினைவகம்தான் ‘ரைட் கேச்’. சாட்டா வட்டில் அது பெரும்பாலும் இயங்கும் நிலையிலேயே வரும். சாஸ் வட்டுகள் பலவற்றில் நிறுத்தி வைத்தே வரும், மின்சாரம் போனால் அதில் இருக்கும் தரவு தொலையக் கூடாதென்று. வட்டின் அமைப்புகளைக் காட்டும் ‘எஸ்டிபார்ம்’ (sdparm) கட்டளை கொடுத்துப் பார்த்தால், ரைட் கேச்சைக் குறிக்கும் டபிள்யூசிஇ (WCE) 0, அதாவது நிறுத்தம். அதை 1 ஆக்கினேன், வேகம் 200 ஆனது. கட்டளையோடு ‘சேவ்’ (--save) சேர்க்காவிட்டால் வட்டை அணைத்துப் போட்டதும் பழைய கதைதான்.

“யூபிஎஸ் பேட்டரியப் பாத்தியா தம்பி?” என்றார் பக்கத்து மேசை அண்ணன். கேச்சைத் திறந்துவிட்டால், மின்சாரம் போகும்போது தரவைக் காப்பது அந்த பேட்டரிதான். பார்க்கவில்லை. பேட்டரியை மாற்றிய பிறகே மற்ற வட்டுகளைத் தொட்டேன்.