மணற்காட்டில் திரும்பக் கிடைத்த நித்திரை

போன வருடம் முழுக்க இரவு 2 மணிக்கு முன் எனக்கு நித்திரை வராது. பகலெல்லாம் கடையின் உள்ளறையில் கணக்கு, இரவில் போன். வீட்டில் சின்னச் சொல்லுக்கும் எரிந்து விழுவேன்.

மச்சான்தான் யாழ்ப்பாணத்தின் வடமராட்சி கிழக்கில் மணற்காடு என்ற கடற்கரைக் கிராமத்துக்கு இழுத்துப் போனான். படங்கு, நுளம்பு வலை, பாண், சம்பல், அவ்வளவுதான். மணல் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு சவுக்கு மரங்களுக்குக் கீழே படுத்தோம். முதல் இரவு தோல்வி: வாயெல்லாம் மணல், படங்கு விடியவிடியப் படபடத்தது. மூன்றாம் இரவு 9 மணிக்கே கண் சொக்கியது.

எல்லாம் வெளிச்சத்தின் வேலை. 2013இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் கென்னத் ரைட் குழு, 8 பேரை ஒரு வாரம் மின்விளக்கே இல்லாமல் கூடாரத்தில் தங்கவைத்தது. அவர்களின் உடல் கடிகாரம் ஏறத்தாழ 2 மணி நேரம் முன்னுக்கு வந்தது. நித்திரைக்கு ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் என்ற ஹோர்மோன் பொழுதுபடும் நேரத்தை ஒட்டியே கூடத் தொடங்கியது.

சரி, தினமும் மணற்காட்டில் படுக்க முடியுமா? இப்போது காலைத் தேத்தண்ணி முற்றத்து வெயிலில். இரவு 9 மணிக்குப் பிறகு போன் சாமியறைத் தட்டில். 11 மணிக்குள் நித்திரை. மாரி மழையில் கொஞ்சம் பிசகும். படங்கில் இன்னும் மணல் கொட்டுகிறது. மனைவி அதை வீட்டுக்குள் எடுக்க விடுவதில்லை.